தோணித் துறையிலிருந்து கணக்குப் போடுங்கள்: மூதூர்–வெருகல் வெள்ளத்துக்கு உணவுப் பொதி

திருகோணமலை நகரில் ஒரு மண்டபத்தைப் பிடித்து, 15 கிலோப் பொதி 200 கட்டி லொறியில் ஏற்றுவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. வீதி திறந்திருந்தால் கிளிவெட்டி வரைக்கும் அது சிந்தாமல் சிதறாமல் போய்விடும். அதற்குப் பிறகுதான் வில்லங்கம். லொறியிலிருந்து ட்ரக்டருக்கு, ட்ரக்டரிலிருந்து தோணிக்கு, தோணியிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் ஒரு அம்மாவின் தலைக்கு என்று மூன்று முறை கைமாறும். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு பை கிழியும், ஒரு எண்ணெய்ப் போத்தல் திறந்துகொள்ளும், மழை ஒரு அடி அடித்துவிட்டுப் போகும். ஆகவே பொதியின் எடையை மண்டபத்தில் தீர்மானிக்கக் கூடாது. அந்த அம்மா சேற்றில் கால் வைத்து 300 மீற்றர் நடந்து வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடிய எடை எதுவோ, அதுவே பொதியின் எடை. அது பத்துக் கிலோவுக்குள் நிற்க வேண்டும். இந்தக் குறிப்பில் உள்ள மற்றக் கணக்கெல்லாம் அந்தப் பத்துக் கிலோவிலிருந்து பின்னோக்கிப் போட்டது.

முதலில் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் பக்கத்து வெள்ளம் இரண்டு வகை. கார்த்திகை, மார்கழி மழையில் குளங்கள் வான் பாய்ந்து, வயலும் வீதியும் முழங்கால் அளவு மூடி, இரண்டொரு நாளில் வடிவது ஒன்று. குச்சவெளி, தம்பலகாமம் பக்கம் பெரும்பாலும் இதுதான். கந்தளாய்க் குளத்தின் வான்கதவு திறந்தால் தம்பலகாமத்து வயல்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். மற்றது மகாவலி வெள்ளம். இலங்கையின் மிக நீளமான ஆறு, 335 கிலோமீற்றர் ஓடி வந்து கொட்டியாரக் குடாவில் விழுகிறது. அதன் கிளையான வெருகலாறு தெற்கே தனியாகக் கடலைச் சேர்கிறது. மலைநாட்டில் விழுந்த மழை இங்கே வந்து சேர நேரம் எடுக்கும். மூதூரில் வெயில் எறிக்கும்போதே வெருகலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். புதிதாக வருகிற தொண்டர்கள் ஏமாறுவது இதில்தான்: “மழை விட்டுவிட்டது, நாளைக்குப் போகலாம்” என்பார்கள். நாளைக்குப் பாதை இருக்காது.

பார்க்க வேண்டியது வானத்தை அல்ல, ஆற்றின் மேற்பக்கம் பொலன்னறுவை மாவட்டத்தில் உள்ள மனம்பிட்டியின் நீர்மட்டத்தை. நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் ஆற்று நீர்மட்ட அறிக்கையில் மகாவலிக்கு மனம்பிட்டி அளவு இருக்கும். அது ஏறிக்கொண்டே போனால் சேருவில, வெருகல் தாழ்நிலங்களுக்கான பொதியை அன்றைக்கே ஏற்றிவிட வேண்டும். இறங்கத் தொடங்கினாலும் கீழே உடனே இறங்காது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் மாவிலாற்று அணைக்கட்டே உடைப்பெடுத்தது. அப்படியொரு நிலையில் தோணியும் தொண்டரும் போதாது. அது கடற்படைக்கும் விமானப்படைக்கும் உரிய வேலை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழைத்து, எந்தக் கிராமத்தில் எத்தனை பேர் எதன்மேல் நிற்கிறார்கள் என்று சொல்வதே அந்த நேரத்தில் நாம் செய்யக்கூடிய பெரிய உதவி.

உள்ளே போக மூன்று வழி. கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூர் ஊடாகப் போகும் ஏ15 வீதி. கந்தளாயிலிருந்து சேருநுவர வரும் வீதி. மட்டக்களப்புப் பக்கமிருந்து வாகரை, கதிரவெளி வழியாக வெருகல் பாலம். வடக்குப் பக்கம் அடைபட்டால் தெற்கு திறந்திருக்கலாம். அதனால் வாகரைப் பக்கத்தில் ஒரு தொடர்பை மழைக்கு முன்னரே வைத்திருக்க வேண்டும். எந்த வழி திறந்திருக்கிறது என்பதைப் பொலிசாரிடமும் அன்று காலை அந்தப் பாதையில் ஓடிய பஸ் சாரதியிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். முகநூல் படம் நேற்றையதாக இருக்கும், சில நேரம் போன வருடத்தையதாகவும் இருக்கும்.

பொதி

நான்கு பேருக்கு மூன்று நாள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் அரிசி என்றால் 4.8 கிலோ, அதை 5 கிலோவாக வைக்கிறோம். மைசூர்ப் பருப்பு 1 கிலோ, சீனி 500 கிராம், உப்பு 400 கிராம், தேயிலை 100 கிராம், தேங்காயெண்ணெய் அரை லீற்றர், மிளகாய்த்தூளும் கறித்தூளும் நூறு நூறு கிராம், சோயா மீற் 90 கிராம் பைக்கற்று மூன்று, டின் மீன் ஒன்று, நெத்தலிக் கருவாடு 200 கிராம், சமபோஷ சத்துமா 200 கிராம் பைக்கற்று இரண்டு, சவர்க்காரம் இரண்டு, தீப்பெட்டி இரண்டு, லைற்றர் ஒன்று. எல்லாம் சேர்ந்து ஒன்பதரைக் கிலோவுக்குள் நிற்கும்.

அரிசி நாட்டரிசியாக இருக்கட்டும். நன்கொடையாகச் சம்பா வந்தால் வாங்கலாம்தான். ஆனால் ஒரே கிராமத்துக்கு இரண்டு வகை அரிசி போகக் கூடாது. அடுத்த வீட்டுப் பொதியில் என்ன இருந்தது என்பது பத்து நிமிடத்தில் ஊருக்கே தெரிந்துவிடும், பிறகு மூன்று நாளைக்கு அந்தச் சண்டையைத்தான் தீர்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பருப்பில் மைசூர்ப் பருப்பையே பிடிவாதமாக வைப்பதற்குக் காரணம் விறகு. கடலை, பயறு, கௌபி எல்லாம் சத்துதான், ஆனால் வேக நேரமெடுக்கும். ஈர விறகில் அரை மணித்தியாலம் நெருப்பைப் பிடித்து வைத்திருப்பதே பெரிய பாடு.

நெத்தலியையும் டின் மீனையும் பொதிக்குள் போடாமல் தனிப் பையில் கட்டி மேலே தொங்கவிட வேண்டும். வெள்ளம் வருகிற மாதம் கார்த்திகையும் மார்கழியும். ஐயப்பனுக்கு மாலை போட்ட வீடு, திருவெம்பாவைக்கு விரதமிருக்கும் வீடு என்று இந்தப் பக்கம் நிறைய இருக்கும். மச்சம் வேண்டாம் என்பவருக்கு அந்தப் பையைக் கழற்றிவிட்டு ஒரு பைக்கற்று சோயா கூடக் கொடுத்தால் விசயம் முடிந்தது. சோயா மீற், டின் மீன் வாங்கும்போது ஹலால் இலச்சினையைப் பார்த்தே வாங்குங்கள். மூதூர், தோப்பூர், கிண்ணியாவுக்கு ஒரு பொதி, சம்பூர், கிளிவெட்டி, ஈச்சிலம்பற்றுக்கு வேறு பொதி என்று பிரித்துக் கட்டுவது வீண் வேலை. பாதி வழியில் பாதை மூடி, லொறி வேறு ஊருக்குத் திரும்பினால் தலையிடி.

பால்மா வைப்பதில்லை. கேட்பார்கள், மனம் கேட்காது, இருந்தாலும் பொதுப் பொதியில் வேண்டாம். கைக்குழந்தை உள்ள வீட்டில் அது சூப்பிப் போத்தலுக்குப் போகும். கிணறு முழுக வெள்ளம் நிற்கும் ஊரில் அந்தப் போத்தலைக் கழுவுகிற தண்ணீரே வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும். தாய்ப்பால் கொடுக்கும் தாய்க்கு ஒரு பொதி கூடுதலாகக் கொடுப்பது சரியான வழி. ஏற்கெனவே புட்டிப்பாலில் இருக்கும் குழந்தை என்றால் பெயரை எழுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கொடுத்துவிடுங்கள்.

கட்டுவது

உரப்பை வேண்டாம். கழுவிக் காயவைத்த யூரியாப் பை என்று யாராவது கொண்டுவருவார்கள், நன்றி சொல்லித் திருப்பி அனுப்புங்கள். 10 கிலோ அரிசிப் பையே வெளிப்பை. உள்ளே தடித்த பொலித்தீன் பை இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று. உள்பையின் வாயை முறுக்கி, முறுக்கியதை மடித்து, மடிப்பின்மேல் இறப்பர் வளையம். வெளிப்பொலித்தீனுக்கும் அதே கட்டு. முடிச்சு மட்டும் போட்டால் தண்ணீர் முடிச்சு வழியாக உள்ளே போகும். காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டாம். கொஞ்சம் காற்று நின்றால் தோணியிலிருந்து தவறி விழுந்த பொதி உடனே தாழாது, கொக்கிக் கம்பால் இழுத்துவிடலாம்.

பொதி பழுதாவது அதிகமும் வெளித்தண்ணீரால் அல்ல, உள்ளே இருப்பதாலேயே. எண்ணெய்ப் போத்தல் மூடி ட்ரக்டர் குலுக்கலில் திறக்கும். மூடியைச் சுற்றி செலோ டேப் மூன்று சுற்று, பிறகு தனிச் சொப்பிங் பை. பைக்கற்று எண்ணெய் மலிவு, ஆனால் அடுக்கின் அடியில் மாட்டினால் வெடிக்கும். உப்பு ஈரத்தை இழுத்துக் கசியும், சீனியோடு ஒட்டி வைக்கக் கூடாது. சவர்க்காரத்தைத் தேயிலைக்குப் பக்கத்தில் வைத்தால் மூன்று நாளும் தேநீரில் சவர்க்கார வாசம்தான். அதனால் சவர்க்காரம் உள்பைக்கு வெளியே, அரிசிப் பைக்குள். தீப்பெட்டியும் லைற்றரும் மட்டும் இரண்டு சின்னப் பைக்குள் போய் அரிசிக்கு நடுவில் புதைய வேண்டும். முழுப் பொதியும் நனைந்து இது மட்டும் காய்ந்திருந்தாலும் அன்றைக்கு அடுப்பு எரியும்.

ஆறு பேர் வரிசையாக நின்றால் ஒரு மணித்தியாலத்தில் 60 பொதி கட்டலாம். கடைசி ஆளின் வேலை கட்டுவது அல்ல, தராசு. ஒவ்வொரு பொதியும் தராசில் ஏறி இறங்க வேண்டும். 9 கிலோவுக்குக் குறைந்தால் பருப்போ சீனியோ விடுபட்டிருக்கிறது.

சமைத்த சாப்பாடு

முதல் இரண்டு மூன்று நாள் உலர் உணவால் பயனில்லை. அடுப்பே தண்ணீருக்குள் இருக்கும். அந்த நாட்களுக்குச் சமைத்த சாப்பாடு, பாண், பிஸ்கட். இதில் இடத்தெரிவுதான் பாதி வெற்றி. நகரத்தில் சமைத்து வெருகலுக்கு அனுப்பக் கூடாது. அடுப்பிலிருந்து இறக்கிய நேரத்திலிருந்து 4 மணித்தியாலத்துக்குள் சாப்பிட்டு முடிய வேண்டும். இதில் லொறிக்கு ஒன்றரை, ட்ரக்டருக்கு முக்கால், தோணிக்கு ஒன்று என்று போனால் மிச்சம் என்ன? சமையலைத் தண்ணீர் ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். கிளிவெட்டி, தோப்பூர் பக்கத்து மேட்டில் உள்ள ஒரு பாடசாலை, கோயில் மடம், பள்ளிவாசல் மண்டபம் எதுவும் சரி. அந்தப் பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லிவிட்டு அடுப்பு மூட்டுங்கள்.

100 பார்சலுக்கு 15 கிலோ அரிசி, 3 கிலோ பருப்பு. ஒரு கிடாரத்தில் 15 கிலோவுக்கு மேல் போட்டால் அடி பிடிக்கும், மேல் அரைவேக்காடாக நிற்கும். 300 பேர் என்றால் மூன்று அடுப்பு. விறகு நனைந்திருக்கும் என்றே எண்ணிக் காஸ் அடுப்பும் ஒரு சிலிண்டரும் கூடவே போக வேண்டும். காய்ந்த பொச்சுமட்டையும் சிரட்டையும் இரண்டு சாக்கு, தறப்பாளால் சுற்றி, மாரி தொடங்குமுன்னே கட்டி வைத்தால் அந்த நேரத்தில் பொன் மாதிரி.

தேங்காய்ப்பால் விட்ட எந்தக் கறியும் பார்சலுக்குள் போகக் கூடாது. முதலில் புளிப்பது அதுதான். தேங்காய்ப்பூப் போட்ட பிட்டும் சம்பலும் அப்படியே. நம் ஆட்களுக்குக் கட்டுச்சோறு தெரியும், யாத்திரைக்குப் புளி விட்டுக் கட்டிக்கொண்டு போனவர்கள். அதே அறிவை இங்கே பாவியுங்கள்: புளி விட்ட சோறு, பால் விடாத கட்டிப் பருப்பு, நெத்தலிப் பொரியல், பொரித்த மிளகாய், சீனிச்சம்பல். மாட்டிறைச்சியும் கோழியும் வேண்டாம், ஒரே கிடாரம் எல்லாச் சனத்துக்கும் போகட்டும்.

சோற்றைச் சூட்டோடு கட்டினால் ஆவி உள்ளே வேர்த்து, சோறு நசநசத்து, விரைவில் பழுதாகும். சுத்தமான துணி விரித்த தட்டில் பரப்பி, மெல்லிய துணியால் மூடி, கை வைத்தால் பொறுக்கக்கூடிய சூட்டுக்கு வந்ததும் உடனே கட்ட வேண்டும். ஆற விட்டுவிட்டு மறந்துபோவதும் அதே அளவு பிழை. சோறு வெளியே கிடக்கிற நேரமெல்லாம் அந்த 4 மணித்தியாலத்துக்குள் சேர்த்தி. ஒவ்வொரு பார்சல் பெட்டியின்மேலும் அடுப்பிலிருந்து இறக்கிய நேரத்தை மார்க்கரால் எழுதுங்கள்: “காலை 9.30, பிற்பகல் 1.30க்குப் பிறகு சாப்பிட வேண்டாம்”. தோணி திரும்பி வந்து மிஞ்சிய பார்சல் இருந்தால் யாருக்கும் கொடுக்காமல் புதைக்க வேண்டும். மனம் வராது. ஆனாலும் வெள்ளத்துக்குள் நாற்பது பேருக்கு வயிற்றோட்டம் வந்தால் ஏற்றிவர ஒரு தோணிதான் இருக்கும்.

தண்ணீர்

குடிக்க மட்டும் ஒரு ஆளுக்கு 3 லீற்றர் என்று வையுங்கள். நான்கு பேர் வீட்டுக்கு நாளொன்றுக்கு 12 லீற்றர், 25 வீட்டுக்கு 300 லீற்றர், அதாவது 300 கிலோ. உணவோடு சேர்த்து ஏற்ற முடியாது, தண்ணீருக்கென்று ஒரு நடை தனியாகப் போக வேண்டும். அரை லீற்றர்ப் போத்தல் பெட்டி பெட்டியாக நன்கொடை வரும். முதல் நாளைக்கு அது நல்லது, கையில் கொடுக்கலாம். பிறகு 20 லீற்றர்க் கலன்தான், வெறுங்கலனைத் திரும்ப எடுத்து பவுசரில் நிரப்பலாம். கிணறுகளை வெள்ளம் வடிந்ததும் இறைத்துக் குளோரின் இடும்வரை தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்கச் சொல்லுங்கள். கொதி வந்து ஒரு நிமிடம் கொப்பளிக்க வேண்டும்.

ட்ரக்டரும் தோணியும்

பெரிய ட்ரக்டர் போகும் இடத்துக்கு லாண்ட் மாஸ்டர் எனும் இரண்டு சில்லு ட்ரக்டர் போகாது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் பெல்ட் நனைந்து வழுக்கும். பெரிய ட்ரக்டருக்கும் எல்லை உண்டு: முன் அச்சு. அதற்குமேல் விசிறி தண்ணீரை எஞ்சின்மேல் வாரியடிக்கும். பின்னால் இழுக்கும் பெட்டியில் பாரம் குறைவாக இருந்தால் அது மிதக்கத் தொடங்கி ட்ரக்டரையும் இழுத்துக்கொண்டு போகும். தாம்போதியில், அதாவது வெள்ளம் மேலால் பாயும் தாழ்ந்த வீதித் துண்டில், ஓரக் கட்டைகள் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அங்கேயே நிற்க வேண்டும். தண்ணீர் நின்றதாக இருந்தால் ஒருவர் கம்பு ஊன்றி முன்னே நடக்கலாம். ஓடுகிற தண்ணீர் என்றால் முழங்கால் ஆழமே ஆளை விழுத்தும், அங்கே நடந்து பார்க்கிற வேலை கூடாது.

18 அடி பைபர் படகுக்கு எங்கள் கணக்கு 40 பொதி. அது 380 கிலோ, ஆட்கள் மூவர் 200, எஞ்சினும் பெற்றோலும் 60. எண்ணிக்கையை நம்பினாலும் கண்ணால் ஒருமுறை பாருங்கள்: படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒன்றரைச் சாணுக்குக் குறைந்தால் பொதியை இறக்க வேண்டும். பாரம் நடுவிலும் தாழ்வாகவும் இருக்கட்டும், முன்னணியத்தில் குவித்தால் நீரோட்டத்தில் மூக்குக் குத்தும். பெற்றோல் கலன் பின்னே, பொதியிலிருந்து தள்ளி. பெற்றோல் வாடை பிடித்த அரிசியை நாயும் முகராது.

ஓட்டுவது மீனவராக இருக்க வேண்டும், அதிலும் களப்பில் ஓட்டிப் பழகியவர் நல்லது. கடலில் கெட்டிக்காரர் வயலுக்குள் வந்து வரம்பில் எஞ்சினை மோதுவார். வயலுக்குள் நுழைந்ததும் எஞ்சினைப் பாதி தூக்கி மெதுவாக, வேலி தெரியும் இடத்தில் முழுதும் தூக்கிவிட்டுச் சவளால் தள்ள வேண்டும். புறொபெலரில் சிக்குவது மூன்று: வேலிக் கம்பி, வைக்கோல், ஆற்றுவாழை. எஞ்சினிலிருந்து பீச்சும் குளிர்நீரைப் பின்னால் இருப்பவர் பார்த்துக்கொண்டே வர வேண்டும். பீச்சு நின்றால் சேறு அடைத்திருக்கிறது. உடனே நிறுத்தி எஞ்சின் தண்ணீர் இழுக்கும் வாயைத் துப்புரவாக்காவிட்டால் எஞ்சின் சூடேறி இறுகும். கூடவே போக வேண்டியவை: புறொபெலர் ஒன்று, அதில் பூட்டும் பின் (pin) நான்கு, பிளக் இரண்டு, இழுப்புக் கயிறு, குறடு, கம்பி வெட்டி, கத்தி, 30 மீற்றர் கயிறு, நங்கூரம், தண்ணீர் இறைக்க ஒரு வாளி. பெற்றோலில் மூன்றிலொரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல் இருக்க.

உயிர்காப்பு அங்கி எத்தனையோ அத்தனை ஆள்தான் ஏறலாம். 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் ஆட்களை அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் படகுப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறந்தார்கள். கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். படம் எடுக்க ஒருவர், விருந்தினர் ஒருவர் என்று கூடுதலாக ஏறுவதற்கு இடமில்லை என்பதைப் புறப்படுமுன் துறையிலேயே சொல்லிவிட வேண்டும். கடைசித் தோணி பிற்பகல் 3 மணிக்கு. மார்கழியில் 6 மணிக்கே இருட்டு, ஆற்றில் முதலை, வேலியிலும் பற்றையிலும் ஏறிய பாம்பு, தாழ்ந்து தொங்கும் மின்கம்பி, இவை எதுவும் இருட்டில் தெரியாது. துறையில் ஒருவர் கொப்பியோடு இருப்பார்: எந்தத் தோணி, யார் யார், எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வர வேண்டும். கைபேசிக் கோபுரம் மின்சாரம் இல்லாமல் அணைந்துவிடும் என்று எண்ணியே நேரத்தைப் பேசி வையுங்கள்.

கொடுப்பது

தோணியிலிருந்து நேராகச் சனத்தின் கையில் கொடுக்க வேண்டாம். பசித்த சனம் ஒரு பக்கத்தைப் பிடிக்கும், தோணி சரியும். ஐந்தாறு மீற்றர் தள்ளி நங்கூரம் போட்டு, ஊரிலிருந்து இரண்டு பேரை மட்டும் வரச் சொல்லி, பொதியைப் பாடசாலைக்கோ கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ ஏற்றிவிட்டு அங்கே பெயர் வாசித்துக் கொடுங்கள்.

பட்டியல் கிராம உத்தியோகத்தரிடமிருந்து வர வேண்டும். அது தொடக்கம் மட்டுமே, முடிவு அல்ல. அதில் விடுபடுகிறவர்கள் எப்போதும் ஒரே ஆட்கள்: ஒரே வீட்டில் இருக்கும் இரண்டாவது குடும்பம், பதிவை மாற்றாமல் கலியாணம் முடித்து வந்தவர், மாட்டுப்பட்டியோடு மேட்டில் தங்கிவிட்டவர். பட்டிக்காரர் முகாமுக்கு வரமாட்டார், மாட்டை விட்டுவிட்டு வரச் சொல்லவும் முடியாது. கிராம அபிவிருத்திச் சங்கத்தில் ஒருவரைக் கேட்டால் எந்த மேட்டில் யார் என்று விரல் நீட்டுவார். முகாமில் இருப்பவர்களுக்குப் பிரதேச செயலகம் ஊடாகச் சமைத்த உணவு கிடைக்கும். அங்கேயே எல்லா அமைப்பும் குவிவதால் ஒரு முகாமுக்கு மூன்று மதியச் சாப்பாடு, பக்கத்து மேட்டுக்கு ஒன்றும் இல்லை என்று ஆகும். முதல் நாள் மாலை பிரதேச செயலகத்தில் கேட்டு, அடுத்த நாளுக்கான ஊரைப் பெயர் கொடுத்து எழுதிக்கொள்வதே இதற்கு மருந்து.

ஒவ்வொரு இறக்கத்திலும் சீனி வருத்தக்காரர், பிரசர் மருந்து முடிந்தவர், மாதம் நிறைந்த கர்ப்பிணி ஆகியோரின் பெயரை வாங்குங்கள். மருந்தின் வெற்றட்டையைப் படம் பிடித்தால் போதும், ஆஸ்பத்திரியில் அடையாளம் காண்பார்கள். அவசரம் என்றால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். சேற்றில் நின்றவர்களுக்கு எலிக்காய்ச்சல் தடுப்பு மருந்து சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து வர வேண்டும், பொதிக்குள் மாத்திரை போடும் வேலை நமக்கு வேண்டாம்.

தண்ணீர் வடிந்த பிறகு

சனம் வீட்டுக்குத் திரும்பிய வாரத்தில்தான் பசி கூடும். முகாம் சாப்பாடு நின்றுவிடும், வயல் அழுகிக் கிடக்கும், கூலி வேலை இருக்காது. நன்கொடையில் பாதியை அந்த வாரத்துக்கென்று ஒதுக்கி வையுங்கள். இப்போது ட்ரக்டர் வாசல்வரை போகும், ஆகவே பத்துக் கிலோ எல்லையும் இல்லை: அரிசி 10 கிலோ, பருப்பு 2 கிலோ, தேங்காய் 5. அரிசி கொடுத்தால் மட்டும் சோறு ஆகாது, பானை சட்டியை வெள்ளம் கொண்டுபோயிருக்கும். இரண்டு வீட்டுக்கு ஒன்றாவது சமையல் பொதி போக வேண்டும்: சோற்றுப் பானை மூடியோடு, கறிச்சட்டி இரண்டு, அகப்பை, திருவலை, கத்தி, கோப்பை நான்கு, வாளி, விளக்குமாறு. அடுப்புக்கல் மூன்றும் சேற்றுக்குள் புதைந்திருக்கும், அதனால் செங்கல் ஆறு. தீப்பெட்டி இதிலும் இரண்டு.